மூன்று புள்ளி கூடிப்போன கதை: வகுப்பறையில் நேர்மை எப்படிப் பழகுகிறது?

தரம் 7, கணித பாடம். இரண்டாம் தவணை விடைத்தாள்களைக் கொடுத்து முடித்துவிட்டு மேசையில் இருந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் தாளோடு எழுந்து வந்தான்.

"சேர், கூட்டினது பிழை. மூன்று புள்ளி கூடப் போட்டிருக்கிறீங்க."

வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். சரிதான், 64 அல்ல, 61. சிவப்புப் பேனையால் வெட்டி 61 என்று எழுதிக் கொடுத்தேன். "சரி, போய் இரு." அவன் திரும்பி நடக்கும்போது பக்கத்து வாங்கில் இருந்தவன், "உனக்கு இது தேவையாடா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. வகுப்பு சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைவு.

அந்த வருடம் முழுக்கப் பிறகு ஒரு பிள்ளையும் புள்ளி கூடிவிட்டது என்று வரவில்லை. குறைந்துவிட்டது என்று வந்தவர்களுக்குக் கணக்கில்லை. என் கூட்டல் எப்போதும் ஒரே பக்கத்துக்கு மட்டும் பிழைக்க நியாயமில்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்தவன் நான். புதிதாக நியமனம் பெற்று வரும் ஆசிரியர்களும் பெற்றோர்களும், நேர்மையைப் பாடசாலையில் படிப்பிக்க முடியுமா என்று கேட்பார்கள். நானறிந்ததை இங்கே எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். அன்று அந்த வகுப்பு என்னிடமிருந்து நேர்மை பற்றி ஒரு பாடம் படித்தது. படிப்பித்தது நான்தான், பாடம்தான் தலைகீழ்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம், நாம் எல்லாவற்றையும் 'நல்ல பழக்கம்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். கேட்டால் உள்ளதைச் சொல்வது உண்மை பேசுதல். கேட்காமலே, தனக்கு நட்டம் என்று தெரிந்தும் உள்ளபடி நடப்பது நேர்மை. அந்தப் பையன் செய்தது இரண்டாவது, அது முதலாவதைவிடக் கடினம். நம்பிக்கை என்பது ஒருவரிடம் மட்டும் இருக்கும் குணமல்ல. இருவருக்கு நடுவில் கிடக்கும் கயிறு போன்றது, ஒருவர் கையை விட்டாலும் விழுந்துவிடும். அவன் பிடித்திருந்தான், நான் விட்டுவிட்டேன். நற்பண்பு என்பது இவையெல்லாம் நாட்பட்டு, யோசிக்காமலே கை போகும் பழக்கமாக மாறுவது. நீந்தத் தெரிந்தவன் வாவியில் விழுந்தால் கை தானாக அடிக்கும் அல்லவா, அந்த மாதிரி.

நம் ஊரில் உபதேசத்துக்குப் பஞ்சமில்லை. சமயம் சாதாரண தரம் வரை கட்டாய பாடம். குடியுரிமைக் கல்வி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு, தேவாலயத்தில் மறைக்கல்வி, முஸ்லிம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மத்ரசா. காலைக் கூட்டத்தில் நற்சிந்தனை வேறு. இவற்றைக் குறை சொல்ல வரவில்லை. சொல் தெரியாமல் செயல் வராது. ஆனால் 'நேர்மை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, எட்டுப் பிள்ளைகள் ஒரே வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதிக் கொண்டுவந்ததையும் கண்டிருக்கிறேன். எட்டுப் பேருக்கும் நல்ல புள்ளி போட்டிருந்தார்கள்.

இது எங்கள் ஊர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1920களின் பிற்பகுதியில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பாடசாலைப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பிள்ளைகளின் விடைகளை இரகசியமாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தாளை அவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்று பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விளையாட்டிலும், காசு விஷயத்திலும், வீட்டுப் பாடத்திலும் இதே போன்ற பொறிகளை வைத்தார்கள். வந்த முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. பரீட்சையில் ஏமாற்றிய பிள்ளை காசில் கை வைக்கவில்லை, காசில் கை வைத்த பிள்ளை விளையாட்டில் நேராக நடந்தது. நேர்மை பற்றிய வகுப்புகளுக்குப் போனதற்கும் நேர்மையாக நடந்ததற்கும் பெரிய தொடர்பும் தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைச் சற்றுத் திருத்தினார்கள்: பல சந்தர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்காள் வித்தியாசம் இருக்கவே செய்கிறது என்றார்கள். அப்படியிருந்தும் ஆசிரியருக்கு வேண்டிய செய்தி மாறவில்லை. வகுப்பில் 'நல்ல பிள்ளைகள்', 'கள்ளப் பிள்ளைகள்' என்று இரண்டு வரிசை கிடையாது. இடமும் நேரமும் தருகிற வசதியைப் பொறுத்து ஒரே பிள்ளை இரண்டு விதமாகவும் நடக்கும்.

இது எனக்கு விளங்கியது புத்தகத்தால் அல்ல, ஓர் அழிறப்பரால். ஒரு வருடம் வகுப்பு மூலையில் ஆளில்லாக் கடை ஒன்று வைத்தேன். ஒரு பெட்டியில் பென்சில், அழிறப்பர், கோட்டுத்தாள், பக்கத்தில் காசு போட ஒரு பால்மா ரின். விலை மட்டையில் எழுதி ஒட்டியிருந்தது: பென்சில் 25 ரூபாய், அழிறப்பர் 15 ரூபாய், கோட்டுத்தாள் 5 ரூபாய். வேண்டியதை எடு, காசைப் போடு, யாரும் பார்க்க மாட்டார்கள். முதல் வாரம் காசு குறைந்தது, இரண்டாவது வாரமும் குறைந்தது. ஆசிரியர் அறையில் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருவர் தேநீர் குடித்தபடி சிரித்தார்.

கள்ளனைப் பிடிக்கும் ஆசை எனக்கும் வந்தது. ஒரு நாள் இடைவேளையில் கொப்பி திருத்துகிற சாட்டில் வகுப்பிலேயே இருந்தேன். ஒரு பெண்பிள்ளை வந்து அழிறப்பர் ஒன்றை எடுத்தாள். கையில் 20 ரூபாய்த் தாள். ரின்னைத் திறந்து பார்த்தாள், உள்ளே மிச்சம் எடுக்கச் சில்லறை இல்லை. தாளைப் போடவா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அழிறப்பரோடு தாளையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நாளைக்குப் போடலாம் என்றுதான் நினைத்திருப்பாள். நாளைக்கு மறந்திருப்பாள், மறுநாள் மறந்ததே வசதியாகியிருக்கும். களவு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது, முழுக்க மறதியும் இல்லை, முழுக்க மனமறிந்ததும் இல்லை.

அன்று பின்னேரமே விலையை மாற்றினேன். எல்லாம் 10 அல்லது 20 ரூபாய். ரின்னுக்குள் பத்து ரூபாய்க் குற்றிகள் கொஞ்சம் போட்டு வைத்தேன். 'பிறகு தருவேன்' என்று பெயரெழுத ஒரு கொப்பியும் கட்டித் தொங்கவிட்டேன். காசு குறைவது பாதிக்கு மேல் நின்றது. முழுதாக நிற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்குப் பத்து, இருபது ரூபாய் கடைசிவரை குறைந்துகொண்டே இருந்தது. அதை என் செலவாக எழுதிக்கொண்டேன். நம்பிக்கை வைப்பவனுக்குச் சின்னச் செலவு உண்டு. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் ஆளில்லாக் கடை வைக்கக்கூடாது, கண்காணிப்புக் கெமரா வைக்கலாம்.

சரி, பிள்ளைகள் ஏன் பொய் சொல்கிறார்கள்? மூன்று வயதை ஒட்டியே பெரும்பாலான பிள்ளைகள் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாது என்பது விளங்கினால்தான் பொய் சொல்ல முடியும். ஆகவே முதல் பொய் என்பது ஒரு வகையில் மூளை வளர்ந்ததன் அடையாளம், அதைக் கேட்டுத் தாய் தலையில் கை வைக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது, அந்தத் திறமையை நாம் எதற்குத் தீனி போட்டு வளர்க்கிறோம் என்பதைத்தான்.

பெரும்பாலும் பயத்தைத் தீனியாகப் போடுகிறோம். விக்டோரியா தல்வார், காங் லீ என்ற ஆய்வாளர்கள் மேற்கு ஆபிரிக்காவில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. பிள்ளைக்குத் தெரியாமல் பின்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டு, "நான் வரும்வரை திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிப் பெரியவர் வெளியே போவார். பார்க்காமல் இருக்கிற பிள்ளை அபூர்வம். திரும்பி வந்து "பார்த்தாயா?" என்று கேட்பார்கள். பிரம்பும் அறையும் வழக்கமாக இருந்த பாடசாலையில், பார்த்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் "இல்லை" என்றார்கள். அடிக்காத பாடசாலையில் அப்படிச் சொன்னவர்கள் பாதிப்பேர் அளவுதான். இன்னொன்றும் தெரிந்தது. அடிக்கும் பாடசாலைப் பிள்ளைகள் பொய்யைக் கட்டிக் காப்பதிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். பொம்மை என்னவென்று கேட்டால் தெரியாத மாதிரியே விடை சொன்னார்கள். பிரம்பு அவர்களுக்கு உண்மையைப் பழக்கவில்லை, நடிப்பைப் பழக்கியிருக்கிறது.

இலங்கையில் பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. பல இடங்களில் பிரம்பு அலுமாரிக்குள் போய்விட்டது. ஆனால் பயம் பிரம்பில் மட்டும் இல்லை, எல்லோருக்கும் முன்னால் எழுப்பிவைத்துக் கேட்கும் கேள்வியிலும் இருக்கிறது. நான் வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் படிப்பித்த காலத்தில் ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் பிந்தி வருவான். ஏன் என்று கேட்டால், "பாதை பிந்திற்று சேர்." பாதை என்றால் எங்கள் ஊரில் வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பிந்துவதும் உண்டு. ஆனால் அவனோடு அதே பாதையில் வந்த இரண்டு பேர் ஏழரைக்கே வாங்கில் இருந்தார்கள். அதை வகுப்பில் போட்டுடைக்க ஒரு நிமிடம் போதும். உடைத்தால் பிடிபட்டது பொய், கிழிந்தது பிள்ளையின் மானம்.

இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் பிந்தினாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "காலையில் வீட்டில் என்ன வேலை மனே?" என்று கேட்டேன். காலுறை ஒரு சோடிதான் இருந்தது. இரவு கழுவிப் போட்டது மழை நாளில் காயவில்லை, அடுப்படியில் காய வைத்துப் போட்டுக்கொண்டு வரப் பிந்தியது. காலுறை இல்லாமல் வந்தால் மாணவத் தலைவர்கள் வாசலில் மறிப்பார்கள். அவன் பொய்க்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான். கொப்பி வீட்டில் விட்டுவிட்டேன் என்கிற பிள்ளைகளில் பாதிக்கு, வீட்டிலும் அந்தக் கொப்பி இருக்காது. வாங்கவே இல்லை என்று முப்பது பேருக்கு முன்னால் எந்தப் பிள்ளை சொல்லும்? உண்மையைச் சொல்லக்கூடிய இடத்தில் வைத்துக் கேட்பது கேட்பவரின் கடமை.

சத்தியம் வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். எதாவது தொலைந்தால் "அம்மன் மேல சத்தியம் பண்ணு", "அல்லாஹ் மேல சொல்லு" என்று தொடங்கிவிடுகிறோம். கண்ணகை அம்மன் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உள்ளங்கை வேர்க்கும். ஆனால் அதில் வேலை செய்வது பயம், அதன் பலன் மேலே பார்த்ததுதான். கேள்வி கேட்பதற்கு முன்பே, "நான் கேட்பதற்கு உண்மையைச் சொல்வேன் என்று வாக்குத் தருகிறாயா?" என்று அமைதியாகக் கேட்டால் பொய் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வாக்கு அவனுடையது, அதனால் அதைக் காக்கும் பொறுப்பும் அவனிடம் வருகிறது. தெய்வத்தைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை.

கதை சொல்லுகிற ஆசிரியர்களுக்கு: எந்தக் கதை என்பதிலும் விஷயம் இருக்கிறது. அதே பொம்மைச் சோதனையை வைத்து 2014இல் ஒரு குழு, பிள்ளைகளுக்கு முதலில் கதை சொல்லிப் பார்த்தது. பொய் சொன்னவனை ஓநாய் விஷயத்தில் யாரும் நம்பாமல் போன கதை, பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பாவைக் கதை, தந்தையின் மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவன் வாஷிங்டனின் கதை. முதல் இரண்டும் பொய்யைக் குறைக்கவில்லை, மூன்றாவது குறைத்தது. அந்தக் கதையில் தந்தை, நீ உண்மை சொன்னது எனக்குச் சந்தோஷம் என்கிறார். முடிவை மாற்றி, பொய் சொன்னதால் தண்டனை கிடைத்தது என்று சொன்னபோது அந்தக் கதையும் பலிக்கவில்லை.

இதைப் படித்தபோது அரிச்சந்திரனை நினைத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு அது மகத்தான கதை. தரம் 2 பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள்: உண்மை பேசினால் நாடு போகும், மனைவியையும் பிள்ளையையும் விற்க வேண்டும், கடைசியில் சுடலை காக்க வேண்டும். கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைப்பதற்குள் பிள்ளை பயந்து முடிந்துவிடும். சின்ன வகுப்பில் சின்னக் கதை போதும். கூரை ஓடு உடைத்த பிள்ளை தானாக வந்து சொன்னது, அதிபர் "சொன்னதுக்கு நன்றி, வா பார்ப்போம், எத்தனை ஓடு" என்று கூடப் போனது. முடிந்தால் உங்கள் பாடசாலையில் உண்மையாக நடந்ததையே சொல்லுங்கள், பெயரை மட்டும் மறைத்து.

இனி, புலமைப்பரிசில் பரீட்சை. தரம் 5 பிள்ளைகளின் வீட்டுக்குள் போனால் சுவர் முழுக்கக் கடந்தகால வினாத்தாள். 'கெட்டிக்காரன்' என்ற பட்டத்தைப் பத்து வயதிலேயே குத்திவிடுகிறோம். சீனாவில் சிறு பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்று புகழப்பட்ட பிள்ளைகள், "இந்த முறை நன்றாகச் செய்தாய்" என்று புகழப்பட்டவர்களைவிட அதிகமாக ஏமாற்றினார்கள். காரணம் ஊகிக்கக்கூடியது. செய்த வேலையைப் புகழ்ந்தால் அடுத்த முறை பிழை விடலாம். ஆளைப் புகழ்ந்தால் அந்தப் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டும், கள்ளமாகவாவது. 2024ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் வினாத்தாளின் வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். அதைப் பிள்ளைகள் செய்யவில்லை. அந்தப் பரீட்சைக்கு அவ்வளவு விலை வைத்தவர்கள் பெரியவர்கள்.

பெரியவர்கள் என்றதும், கசக்கிற பகுதி வருகிறது. 2014இல் வந்த இன்னோர் ஆய்வில், பக்கத்து அறையில் ஒரு கிண்ணம் நிறைய இனிப்பு இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துவிட்டு, பிறகு "இல்லை, விளையாட வரட்டும் என்று சும்மா சொன்னேன்" என்றார்கள். அதன் பின் வைத்த பொம்மைச் சோதனையில், பாடசாலை வயதுப் பிள்ளைகளில் அப்படி ஏமாற்றப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக எட்டிப் பார்த்தார்கள், அதிகமாகப் பொய்யும் சொன்னார்கள். சின்னப் பொய்தான், ஒரு கிண்ணம் இனிப்பு.

நாங்கள் சொல்லுகிறவை அதைவிடச் சின்னவை அல்ல. நான் வேலை செய்த ஒரு பாடசாலையில், மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே ஒத்திகை நடக்கும். அதே பாடம், அதே கேள்வி, அதே விடை. "விடை தெரிந்தவர்கள் வலது கையை உயர்த்துங்கள், தெரியாதவர்கள் இடது கையை உயர்த்துங்கள், எல்லோரும் உயர்த்த வேண்டும்." வந்தவர்கள் மகிழ்ந்து குறிப்பெழுதிவிட்டுப் போனார்கள். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நற்சிந்தனைத் தலைப்பு என்னவென்று நினைவில்லை, எதுவாக இருந்தாலும் அது பலித்திருக்காது.

மூன்று புள்ளிக்குத் திரும்புகிறேன். அந்தப் பையனுக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். "புள்ளியை அப்படியே விட்டிருக்கலாமே, நேர்மைக்குப் பரிசு" என்பவர்கள் அதிகம். எனக்கு உடன்பாடில்லை. 61 எடுத்தவனுக்கு 64 என்று நான் எழுதினால், அவன் உண்மைக்கு நான் பொய்யால் பரிசு கொடுத்ததாகும். அடுத்த தவணையில் 'கூட்டல் பிழை' கண்டுபிடிக்க ஒரு கூட்டமே வரும். புள்ளி 61தான். நான் செய்யத் தவறியது வேறு. எழுந்து நின்று, "பிழை என்னுடையது, காட்டியதுக்கு நன்றி" என்று வகுப்பு கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு அங்கேயே அடங்கியிருக்கும்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். விடைத்தாள் கொடுக்கும் அன்று முதல் பத்து நிமிடம் என் கூட்டலைச் சரிபார்க்கும் நேரம், கூடினாலும் குறைந்தாலும். கூடியதைக் காட்டிய பிள்ளையின் தாளின் மூலையில் 'ஆசிரியரின் பிழையைத் திருத்தியவர்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன், வேறு ஒன்றும் இல்லை. முதல் இரண்டு தவணையும் யாரும் வரவில்லை. மூன்றாவது தவணையில் ஒரு பிள்ளை, ஒரு புள்ளிக்காக.

பெற்றோர் கூட்டத்திலும் இதையெல்லாம் சொல்வேன். ஒரு முறை கூட்டம் முடிந்து ஒரு தாய் தனியாக வந்தார். "சேர், அடுத்த கிழமை கோயில் சடங்கு, பிள்ளை மூன்று நாள் வரமாட்டாள். காய்ச்சல் என்று கடிதம் தந்தால் சரிதானே?" சடங்கு என்றே எழுதுங்கள், யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த கிழமை பிள்ளை கடிதத்தை நீட்டினாள். நல்ல வடிவான கையெழுத்து. "எமது மகள் கோயில் சடங்கு காரணமாக மூன்று தினங்கள் சமூகமளிக்கவில்லை. கொஞ்சம் காய்ச்சலும் இருந்தது."